மெழுகுவர்த்தி லாரியும் வட்ட ஜன்னலும்

என் அத்தானைப் போல ஊர் சுற்றியவரும் கிடையாது, அவரைப் போல ஒரு ஊரையும் பார்க்காதவரும் கிடையாது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மெழுகுவர்த்திக் கம்பெனியில் லாரி ஓட்டியே தலை நரைத்தவர்.

ஆற்றோரத்துப் பழைய நகரங்கள் அத்தனைக்கும் அவர் லாரியில்தான் மெழுகுவர்த்தி போகும். தேவாலயங்களுக்கு நீளமானவை, ஹோட்டல் மேஜைகளுக்குக் குட்டையானவை. பழைய நகரம் என்றாலே தெருக்கள் குறுகல். கடை திறப்பதற்குள் லாரிகள் வெளியேறிவிட வேண்டும் என்பது எல்லா ஊரிலும் கட்டளை. ஆகவே இருட்டோடு போவார், பின்வாசலில் பெட்டிகளை இறக்குவார், வெளிச்சம் வருவதற்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிடுவார். ஒரு தேவாலயத்தின் கோபுரம் எப்படி இருக்கும் என்று கேட்டால் விழிப்பார். அதன் பின்பக்கம் குப்பைத் தொட்டி எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"அந்த ஊரா? அருமையான ஊரு மாப்ளே. லாரி திருப்ப நல்லா இடம் இருக்கு" என்பார். அவர் அகராதியில் அருமையான ஊருக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? செருப்புக் கடையில் குனிந்தே பிழைத்தவன். ஒரு மனிதரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுவேன். எந்த ஊருக்குப் போனாலும் என் கண் தரையைவிட்டு எழும்பாது. ஊர்களின் முதுகு மட்டும் தெரிந்த ஒருவரும் பாதம் மட்டும் தெரிந்த ஒருவனும் சேர்ந்து என் அக்காவுக்கு ஒரு நகரத்தைக் காட்டக் கிளம்பினோம். கேட்கவா வேண்டும்?

அக்கா சலவைக்கூடத்தில் நின்றுகொண்டே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். நின்று நின்று கால் இரண்டும் வீங்கிப் போயிற்று. அவர்கள் குடியிருப்பது ஒரு பெரிய வீட்டின் பின்பக்கத்தில். முன்பக்கம் வீட்டுக்காரருடையது. அக்கா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்துச் சந்தில் நுழைந்து, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, துணி காயும் கொடிக்குக் குனிந்து போக வேண்டும். கல்யாணமாகி வந்த நாள் முதல் இதே கதைதான்.

மெழுகுவர்த்திக் கம்பெனி வருடா வருடம் ஒரு காலண்டர் கொடுக்கும். ஒரு வருடம் அதில் ஒரு தேவாலயத்தின் வட்ட ஜன்னல் படம் வந்தது. நடுவில் ஒரு சின்னக் கண். அதைச் சுற்றி இதழ் இதழாக வண்ணக் கண்ணாடி. அதைச் சுற்றி இன்னொரு வரிசை. வருடம் முடிந்ததும் தேதித் தாள்களைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் அடுப்புக்கு மேல் அக்கா ஒட்டி வைத்தாள். புகை பிடித்து மஞ்சளாகியும் அவள் அதை எடுக்கவில்லை. சமைக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பாள். அந்தத் தேவாலயத்துக்கு அத்தான் மாதம் தவறாமல் சரக்கு இறக்கினார் என்பதுதான் வேடிக்கை.

ஒரு தடவை அக்கா கேட்டிருக்கிறாள், "உள்ள எட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்களேன், நெசமாவே இப்படித்தான் இருக்குதா?"

அத்தான் அடுத்த நடையில் சரக்கறைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "பார்த்தேம்மா. கறுப்பா இருக்கு."

"கறுப்பாவா?"

"ஆமா. வட்டமா, கறுப்பா, பெரிய தோசைக்கல்லு மாதிரி."

விடியாத நேரத்தில் பார்த்தால் எந்தக் கண்ணாடிதான் கறுப்பாக இருக்காது? அது அவருக்கும் தோன்றவில்லை, கோபத்தில் அவளுக்கும் தோன்றவில்லை. பார்க்காமலே பொய் சொல்கிறார் என்று அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சமாதானத்துக்காக, "வேலையை விட்டதும் உன்னையே கூட்டிட்டுப் போறேன், பகல்ல, சாவகாசமா" என்று அவர் வாக்குக் கொடுத்தார். வேலையையும் விட்டார். வாக்கு மட்டும் அப்படியே கிடந்தது. இன்று போகலாம், நாளை போகலாம், மழை விடட்டும், கால் வீக்கம் வடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது.

அப்படியிருக்கும்போதுதான் செய்தித்தாளில் அந்தச் செய்தி வந்தது. ஜன்னலின் ஈயச் சட்டங்கள் தளர்ந்துவிட்டனவாம். கண்ணாடியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பழுது பார்க்கப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை மூன்று மணியோடு தேவாலயத்தை மூடுகிறார்கள், மறுபடி திறக்க வருடக்கணக்கில் ஆகும். அக்கா அந்தத் துண்டைக் கிழித்து அத்தானின் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தாள்.

"வருஷக்கணக்குல என் காலும் காத்திருக்காது, கண்ணும் காத்திருக்காது" என்றாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். முன்வாசல் வழியாத்தான் நான் போவேன். வாழ்க்கையில ஒரு தடவையாவது."

"அதுக்கென்னம்மா? ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்" என்றார் அத்தான். பை தூக்க நான்.

வெள்ளிக்கிழமை ரயிலில் போய் இறங்கினோம். அக்காவுக்கு நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்த கறுப்புச் செருப்பு. நடக்க நடக்க இளகிவிடும் என்று கடையில் சொல்கிற அதே பொய்யை உடன்பிறந்தவளிடமும் சொல்லியிருந்தேன்.

பாலத்தைத் தாண்டி மதில் வாசலுக்குள் நுழைந்தோம். வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. மாடிகள் தெருவின் மேல் எட்டிப் பார்த்ததில் வானம் ஒரு நாடா அளவுக்குத்தான் தெரிந்தது. எதிரெதிர் ஜன்னல்களிலிருந்து இரண்டு பெண்கள் ஒரு குழம்புப் பாத்திரத்தைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டார்கள். நடுவில் ஒரு தெருவே இருக்கிறது என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. முடிதிருத்தும் கடைக்காரர் தன் நாற்காலியிலேயே கழுத்தில் துண்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் தலையில் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு கால்களுக்கு நடுவே வழியைப் பார்த்தபடி போனார்.

நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். பாறாங்கல் பாவிய தெருவில் இரண்டு நீளப் பள்ளங்கள் ஓடின. வண்டிச் சக்கரத் தடங்கள். மண்ணில் தடம் பதியும், தெரியும். கல்லில் பதிய எத்தனை சக்கரம் உருண்டிருக்க வேண்டும்! குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தேன். கை முழுவதும் உள்ளே போயிற்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? இத்தனை பேர் இந்த வழியாகப் போயிருக்கிறார்கள், அதில் ஒருவர் பேரும் எனக்குத் தெரியாது.

"டேய், தெருவுல என்னடா தேடறே? எந்திரி. மணி ஆகுது" என்றாள் அக்கா.

மணிதான் பிரச்சினையாகப் போகிறது என்று அப்போது தெரியவில்லை. வழி காட்டியது அத்தான். கால்நடையாகப் போனாலும் அவருக்குள் லாரிதான் ஓடிக்கொண்டிருந்தது. முனை திரும்பும்போது அகலமாக வளைந்து திரும்பினார். சின்ன வளைவு வாசல் ஒன்று குறுக்கே வந்ததும் நின்றுவிட்டார்.

"இதுல போக முடியாது. உயரம் பத்தாது."

"யாருக்கு உயரம் பத்தாது? நமக்கா?" என்றேன்.

அவர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போனோம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? அதற்கடுத்த தெருவில், உள்ளே வரக் கூடாது என்று சிவப்பு வட்டப் பலகை. அத்தான் சடாரென்று நின்றதில் நான் அவர் முதுகில் மோதினேன்.

"ஒன்வே மாப்ளே."

"அத்தான், அது வண்டிக்கு!"

"சட்டம்னா சட்டம்தான். ஒரு தடவை எதிர்த்திசையில போயி லைசென்ஸையே புடுங்கப் பார்த்தாங்க" என்று அடுத்த தெருவுக்கு நடந்தார். அங்கும் ஒரு பலகை. கோபுரம் கூரைகளுக்கு மேல் கொஞ்ச நேரம் இடது பக்கம் தெரிந்தது, கொஞ்ச நேரம் வலது பக்கம் தெரிந்தது, கிட்டே மட்டும் வரவில்லை. ரொட்டிக் கடை வாசலில் நின்ற பெண் நாங்கள் மறுபடி மறுபடி கடப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "தேவாலயத்துக்கா? இதோ இந்தச் சந்துல போனீங்கன்னா நேரா முன்வாசல்தான்" என்றாள். அந்தச் சந்தின் முனையிலும் சிவப்பு வட்டம்.

அத்தான் பலகையைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அக்கா அதற்குமேல் பொறுக்கவில்லை. செருப்பு இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் லாரியில்ல, மனுஷி" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு சந்துக்குள் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அத்தான் போலீஸ்காரர் யாராவது இருக்கிறாரா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கி வந்தார்.

சந்து முடிகிற இடத்தில் மூன்று மணி அடித்தது. நெஞ்செலும்புக்குள் அடித்தது போல இருந்தது. சந்திலிருந்து வெளியே வந்தால் ஒரு பெரிய சதுக்கம். அதன் அந்தக் கடைசியில், மலை எழுந்து நின்றது போல அந்தத் தேவாலயம். அதன் முன்வாசல், ஒரு வீட்டையே உள்ளே தள்ளலாம் என்கிற அளவுக்கு உயரமான கதவு, நாங்கள் பார்க்கப் பார்க்கவே மூடிக்கொண்டது. உள்ளே தாழ் விழுகிற சத்தம் சதுக்கம் முழுக்கக் கேட்டது.

அத்தான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். அந்தக் கதவுக்கு அது கொசு கடித்த மாதிரி. எங்களுக்கு முன்னால் பார்த்துவிட்டு வந்தவர்கள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா வாசல்படியில் உட்கார்ந்தாள். அந்தப் படியும் நடுவில் தேய்ந்து கரண்டிக் குழி போல இருந்தது. தலைக்கு மேலே சுவரில் அந்த வட்ட ஜன்னல் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கும்போது அது வெறும் சாம்பல் நிறக் கண்ணாடியும் ஈயக் கோடுகளும்தான். அத்தான் சொன்ன தோசைக்கல்தான்.

அவள் திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அழுதிருந்தாலும் பரவாயில்லை. பாதத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், "பரவால்லங்க. முன்வாசலுக்கும் நமக்கும் ராசியில்லை, அவ்வளவுதான்."

அத்தானின் முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிட்டது. தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "பின்வாசல் இருக்கும்மா" என்றார்.

"இங்கயுமா?" அக்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "வீட்டுக்குத்தான் பின்வாசல். சாமியைப் பார்க்கவும் பின்வாசலா? சரக்கு மாதிரி என்னையும் எறக்கி வெச்சிட்டுப் போகப் போறீங்களா?"

"அக்கா, பார்க்கணுமா, கோவப்படணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். பிறகு ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பின்பக்கம் போனதும் அத்தான் வேறு மனிதராகிவிட்டார். நடையில் தயக்கம் போயிற்று. "இங்க ஒரு கல்லு தூக்கிட்டு இருக்கும், பார்த்து வா", "இந்தக் குழாய்ல தலை இடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார். குப்பைத் தொட்டி அவர் சொன்ன மூலையில்தான் இருந்தது. சின்ன மரக்கதவு. அதன் படிக்கல்லும் தேய்ந்திருந்தது, முன்வாசலைவிட ஆழமாக. சுமையோடு மிதித்த கால்கள் அல்லவா?

அத்தான் கதவை இரண்டு தட்டுத் தட்டி, தோளால் ஒரு இடி இடித்தார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"மெழுகுவர்த்தியா?"

"ஆமாண்ணே."

கதவு திறந்தது. சாவிக்கொத்தோடு ஒரு பெரியவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடப் பழக்கமும் இருட்டில்தானே!

"உங்க குரலை வெச்சு நல்ல உயரமான ஆளுன்னு நெனச்சிருந்தேன்" என்றார் சாவிக்காரர்.

"நான் உங்களைக் கறுப்பு முடியோட நெனச்சிருந்தேன்" என்றார் அத்தான். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தான் அக்காவைக் காட்டி, "வீட்டுக்காரி. அந்த ஜன்னலை ஒரு தடவை பார்க்கணும்னு..." என்று இழுத்தார்.

"மூடியாச்சு, யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு" என்றார் சாவிக்காரர். அக்காவின் வெறுங்காலையும் கையிலிருந்த செருப்பையும் பார்த்தார். "சரக்கு வந்தா எறக்கித்தானே ஆகணும்? வாங்க."

சரக்கறைக்குள் மெழுகு வாசனை. அத்தான் மேல் எப்போதும் அடிக்கிற அதே வாசனை. அக்கா அங்கே ஒரு கணம் நின்று மூச்சை இழுத்ததைக் கவனித்தேன். அத்தானுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பழக்க தோஷத்தில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டார். ஒரு நடைவழி, நாலு படி, ஒரு திரைச்சீலை. அக்கா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "ஊரு உலகத்துல எல்லாரும் முன்னாடி போவாங்க, எனக்கு மட்டும் மூட்டை முடிச்சுக்கு நடுவுல, இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து நான் எந்த..."

சாவிக்காரர் திரையை விலக்கினார். அக்காவின் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

நான் முதலில் பார்த்தது தரையைத்தான். அக்காவின் வீங்கிய பாதங்கள் சிவப்பாக இருந்தன. ரத்தமோ என்று பதறிவிட்டேன். அவள் ஒரு அடி வைத்தாள், நீலமாயிற்று. இன்னொரு அடி, பொன்னிறம். தரை முழுவதும், தூண்கள் முழுவதும், வரிசையாகக் கிடந்த பெஞ்சுகள் முழுவதும் யாரோ அள்ளிக் கொட்டிவிட்டுப் போனது போல நிறம். அப்போதுதான் நிமிர்ந்தேன். என் ஆயுளில் அவ்வளவு தூரம் நான் கழுத்தை நிமிர்த்தியதில்லை.

நாங்கள் பலிபீடத்துப் பக்கம் நின்றோம். எதிரே, அந்த நீண்ட மண்டபத்தின் மறுகோடியில், மூடிய முன்வாசலுக்கு மேலே, வட்ட ஜன்னல். மேற்கே சாய்ந்த சூரியன் நேராக அதற்குப் பின்னால் நின்றது. நடுக்கண்ணிலிருந்து இதழ்கள் விரிந்து, அந்த இதழ்களிலிருந்து இதழ்கள் விரிந்து, அது எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி என்று சொல்ல வாய் வரவில்லை. காலண்டர் படம் அதற்குச் செய்தது அவமானம். பார்க்கப் பார்க்க நான் சின்னவனாகிக்கொண்டே போனேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. மெழுகுவர்த்தியும் வண்டிச் சக்கரமும் தவிர வேறொன்றும் இல்லாத காலத்தில், யாரோ சில மனிதர்கள் சாரத்தில் ஏறி நின்று இதைச் செய்திருக்கிறார்கள். கை கால் உள்ள, காலில் செருப்புப் போட்ட மனிதர்கள்.

அத்தான் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடிக்குள் போயிற்று.

"நான் பொய் சொல்லலைம்மா" என்றார். "அன்னைக்குக் கறுப்பாத்தான் இருந்துச்சு."

அக்கா அவர் தோளில் கை வைத்தாள். அவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் அவள் அவரைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு பேர் என்றால் நானும் சாவிக்காரரும்தான்.

"இன்னைக்குக் கடைசி நாள்னு காலையிலேர்ந்து கூட்டம்" என்றார் சாவிக்காரர். "எல்லாரும் முன்வாசல்ல நுழைஞ்சு பீடத்தைப் பார்த்துக்கிட்டே நேரா நடந்து வருவாங்க. ஜன்னல் அவங்க முதுகுக்குப் பின்னாடி. பாதிப் பேரு, பார்த்துட்டோம்னு சொல்லிட்டு, திரும்பிப் பார்க்காமலே பக்கத்துக் கதவு வழியாப் போயிடறாங்க. காலையில வந்தவங்களுக்கு வெயிலும் இல்லை. இந்த நேரத்துல, இந்தப் பக்கத்துலேர்ந்து பார்க்கறது நானும் பெருக்கற பொம்பளையும்தான்."

அக்கா முன்வாசலைப் பார்த்தாள், பிறகு தான் நுழைந்த திரைச்சீலையைப் பார்த்தாள். "அப்போ நான் ஆசைப்பட்ட மாதிரி முன்னாடி வந்திருந்தா, இதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுல்ல நடந்திருப்பேன்!" என்றாள். எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு சுலபமாகத் தோல்வியை ஒத்துக்கொண்டதாக நினைவில்லை.

வெயில் இறங்க ஆரம்பித்ததும் சாவிக்காரர் பெரிய சாவியைத் தேடி எடுத்தார். "முன்வாசலைத் தெறக்கறேம்மா. அப்படியே போங்க. இனிமே எப்பவோ."

"தெறங்க" என்றாள் அக்கா. "பார்த்துக்கிட்டே போறேன்."

நடுப்பாதையில் நடக்க ஆரம்பித்தாள். கண்ணை ஜன்னலைவிட்டு எடுக்கவில்லை. தரை மேடும் பள்ளமுமான பழைய கல். தடுக்கி விழப் போகிறாள் என்று நான் பதறினேன். அத்தான் பெட்டியை ஒரு பெஞ்சில் வைத்தார். அவளுக்கு முன்னால் போய் நின்று, அவளைப் பார்த்தபடி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார். இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை மடக்கி மடக்கி, குறுகலான சந்தில் லாரிக்கு வழி சொல்வது போலச் சொன்னார்.

"வா, வா, வரலாம்... கொஞ்சம் லெஃப்ட்ல... அங்க ஒரு பள்ளம், காலைத் தூக்கி வை... நேரா வா, நேரா வா..."

"நீங்க பார்க்கலையா?" என்றாள் அக்கா, மேலேயே பார்த்துக்கொண்டு.

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் அத்தான்.

அவர் பார்த்தது எதை என்று பின்னால் வந்த எனக்குத் தெரிந்தது. அக்காவின் முகத்தில் சிவப்பு ஏறி, நீலம் ஏறி, பொன் ஏறி, மாறிக்கொண்டே இருந்திருக்கும். அதை முன்னால் நின்று பார்க்கக் கொடுத்து வைத்தவர் அவர் ஒருவர்தான். "வரலாம்... வரலாம்..." என்ற குரல் அந்த உயரத்துக்குப் போய் எங்கோ முட்டித் திரும்பி வந்தது. அந்த இடத்தில் ஜெபம் தவிர வேறு சத்தம் கேட்டிருக்காது. இந்தக் குரல் கேட்டதில் தப்பில்லை என்றே எனக்குத் தோன்றியது.

தாழ் விலகியது. கதவு திறந்ததும் சதுக்கத்து வெயில் உள்ளே விழுந்தது. மூடிய தேவாலயத்திலிருந்து யார் இவ்வளவு மரியாதையாக வெளியே வருகிறார்கள் என்று வெளியே நின்றவர்கள் வழிவிட்டுப் பார்த்தார்கள். வெறுங்காலோடு, கையில் செருப்போடு, என் அக்கா முன்வாசல் படியில் இறங்கினாள். அந்தத் தேய்ந்த குழியில் அவள் பாதம் சரியாகப் பொருந்தியது.

செருப்பை என் கையில் திணித்தாள். "இதை நீயே வெச்சுக்கோடா. இளகுமாம் இளகும்."

பிறகு அத்தானைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள், "என்னங்க, நீங்க சரக்கு எறக்கின ஊரு இன்னும் எத்தனை இருக்கு?"

அத்தான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை போதவில்லை.